ஒருவழிப் பாதையில் கறுப்புச் சட்டைக்காரர்

அவர் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் பத்தடிக்கு முன்பே வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிவிடுவார். திரும்பி முடிக்கும்வரை மடக்க மாட்டார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சிதம்பரத்தில் சைக்கிள்காரர் ஒருவர் கை காட்டித் திரும்பி நான் பார்த்தது அவரை மட்டும்தான். மற்றவர்கள் முதலில் திரும்புவார்கள். பின்னால் வருகிறவன் கத்திய பிறகுதான், திரும்பிவிட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் தெற்குவீதி முடிந்து மேலவீதிக்குத் திரும்புகிற முனையில் இப்படிக் கையை நீட்டியிருக்கிறார். அங்கே யாரோ வேண்டுதலுக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையில் ஒரு தொன்னையை வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் என்னிடம் சொன்னார்.

“கையைக் காட்டுனது திரும்புறதுக்கும்மா. அவுங்க பசிக்குன்னு நெனச்சுட்டாங்க.”

“கோயில் சுண்டலாச்சே ஐயா. கொட்டிட்டீங்களா?”

“எதுக்குக் கொட்டணும்? கொண்டக்கடலை என்னா பாவம் பண்ணுச்சு?”

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் சாமி இல்லை என்கிற கட்சி. சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டைதான். நாலு வீதியும் கோயிலைச் சுற்றியே இருக்கிற ஊரில் குடியிருந்துகொண்டு, கோபுரத்தை ஒருநாளும் தலை நிமிர்ந்து பார்க்காமல் அறுபது வயதைக் கடந்தவர். அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அனுமதி வாங்கினீர்களா என்று பண்ருட்டியிலிருந்து எனக்கு ஒரு மனு வரும். மகள் வீட்டோடு அங்கே போய் ஐந்தாறு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆள் மாறியிருக்க மாட்டார்.

அவரை எனக்குத் தெரிந்தது சைக்கிளால். கீழவீதியும் தெற்குவீதியும் சேருகிற முனைக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் நான் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு முப்பது வருஷம் நான் நடத்தினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் ஒரு சைக்கிள் காணாமல் போனதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யார் சொல்வார்கள்? எந்தச் சைக்கிள் யாருடையது என்று பெல் மூடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். டோக்கன் என்று ஒரு தகரத் துண்டு கொடுப்பது வழக்கத்துக்காக. பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள்.

இவர் வாங்காமல் நகர மாட்டார். ஒருநாள் காலைக் கூட்டத்தில், “போங்க ஐயா, உங்க வண்டி எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் டோக்கன் இல்லாம நான் வண்டிய எடுத்தா, நான் எடுக்குறதுக்கும் திருடன் எடுக்குறதுக்கும் என்னா வித்தியாசம்? அதச் சொல்லுங்க.”

தகரத்தை எடுத்து நீட்டினேன். கடலூர் பஸ் கிளம்பி ஹார்ன் அடிக்கிறது. டோக்கனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானைப் போட்ட பிறகுதான் ஓடினார்.

கடலூரில் மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுவது அவர் தொழில். மரத்தடியில் ஒரு பலகை, ஒரு கட்டு வெள்ளைத்தாள், இரண்டு பேனா. பட்டா மாறவில்லை, பென்ஷன் வரவில்லை என்று காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வருவார்கள். அவர் எழுதுகிற மனுவில் ‘பணிந்து’ என்ற சொல் இருக்காது. ‘தாழ்மையுடன்’ இருக்காது.

“ஐயா, கொஞ்சம் குனிஞ்சாப்ல எழுதுங்க, காரியம் ஆவணும்” என்று ஒரு பெரியவர் கெஞ்சினாராம்.

“காரியம் சட்டத்தால ஆவும். குனிஞ்சா இடுப்புதான் வலிக்கும்” என்றாராம் இவர்.

எதற்கெடுத்தாலும் ‘சட்டத்துல எங்க இருக்கு?’ என்பார். இருந்தால் செய்வார். இல்லாவிட்டால் யார் சொன்னாலும் செய்ய மாட்டார். சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, நம்பர் இல்லை, ஹெல்மெட் இல்லை. அதனால் சட்டமும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் ஒருவர்தான் பெல், பிரேக், பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் மாசம் ஒருமுறை பார்த்துவைப்பார். பின்னால் ஆளை ஏற்ற மாட்டார். சொந்த மகளையே காலேஜ் சேர்ந்த பிறகு ஏற்றவில்லை என்பார்கள்.

முனையில் நிற்கிற போலீஸ்காரர் காட்டுமன்னார்கோயில் ஆள், தொப்பை உள்ளவர், நல்ல மனுஷர். ஒருநாள் ஹெல்மெட் இல்லாதவர்களை மடக்கிக்கொண்டிருந்தார். இவர் தானாகப் போய் வரிசையில் நின்றார்.

“நீங்க போங்க ஐயா. சைக்கிள்ல என்னாத்த பாக்குறது?”

“பிரேக் இருக்குதான்னு பாருங்க. பெல் அடிக்குதான்னு பாருங்க. இடிச்சா சைக்கிளும்தான் இடிக்கும்.”

“உங்க வண்டி இடிச்சா கொசு கூட சாவாது.”

“கொசுவுக்கும் ரோட்டுல உரிமை உண்டு. பாருங்க.”

பாவம், அவர் குனிந்து பெல்லை அடித்துப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் ஆவணியில் நாலு வீதியையும் ஒருவழிப் பாதை ஆக்கினார்கள். தேர் போகிற திசையில்தான் வண்டி போகலாம். கோயில் எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். முனைக்கு முனை போர்டு, தகர டிரம். முதல் வாரம் எல்லோரும் பயந்தார்கள். இரண்டாவது வாரம் மோட்டார் பைக்குகள் டிரம்முக்கும் சாக்கடைக்கும் நடுவே நுழையக் கற்றுக்கொண்டன. சைக்கிள்காரர்கள் போர்டையே பார்க்கவில்லை. இவர் மட்டும் பார்த்தார்.

அவர் வீடு கீழவீதியின் வடக்குக் கோடியில் ஒரு சந்துக்குள். காலையில் வருவதற்குத் தொல்லை இல்லை. கீழவீதியில் நேராகத் தெற்கே வந்தால் என் ஸ்டாண்டு. சாயங்காலம் அதே வழியில் திரும்பிப் போக முடியாது. தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று மூன்று வீதியும் சுற்றித்தான் தன் சந்துக்குப் போக வேண்டும். ஐந்து நிமிஷப் பாதை கால் மணி நேரம் ஆயிற்று. அவர் ஒரு நாளும் முனகவில்லை. மூன்று முனையிலும் வலது கையை நீட்டிக்கொண்டு போவார். வலது பக்கம் என்றால் கோயில் பக்கம்.

நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். காலையில் ஒரு வீதி, சாயங்காலம் மூன்று வீதி. தினமும் சரியாக ஒரு வலம்.

இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. அவர் வீட்டம்மா. அவளும் என்னைப் போல மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், எனக்குச் சின்னவள். அந்த ஆனி மாசம் ஒரு காலையில் அவளுக்கு வலது கையும் வலது காலும் வராமல் போய்விட்டன. டாக்டர் மாத்திரை கொடுத்து, மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் பந்தும் கொடுத்து, தினமும் நூறு தடவை கையால் அமுக்கச் சொன்னார். அமுக்கினால் கை வரும், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போய்ப் பார்ப்பேன். ஜன்னலோரக் கட்டிலில் பந்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

“அக்கா, நான் ஒண்ணு வேண்டிக்கினன். எனக்குக் கை வரணும்னு, அவுரு நாப்பத்தெட்டு நாள் கோயிலச் சுத்துவாருன்னு வேண்டிக்கினன்.”

“உன் காலு வரலன்னு அவுரு கால வேண்டிக்கினியா? கேட்டா என்னா சொன்னாரு?”

“உனக்காக உசுரக் கேளு, தரன். சாமிக்காகக் காலக் கேக்காதன்னுட்டாரு.”

போர்டு வைத்த இரண்டாவது ஞாயிறு போனபோது அவள் முகமே வேறாக இருந்தது. ஜன்னல் வழியாக அவளுக்கு வீதி தெரியாது, சத்தம்தான் வரும். அவர் சந்துக்குள் திரும்பும்போது பெல் அடிப்பார். முன்பெல்லாம் அந்த பெல் தெற்கேயிருந்து வரும். இப்போது வடக்கேயிருந்து வருகிறது.

“அக்கா, அவுரு வீதி சுத்தி வராரு.”

“ஒன்வே போட்டுட்டாங்கடி.”

“யாரு போட்டா என்னா? சுத்துறாரா இல்லியா?”

“செருப்புப் போட்டுக்கினு இல்ல சுத்துறாரு.”

“செருப்பு பெடல் மேலதான இருக்குது? மண்ணுல படலையே.”

“சனி, ஞாயிறு கடலூருக்குப் போறதில்லையே. விட்டு விட்டு வருமே?”

“ஆபீசுக்கு லீவுன்னா சாமிக்கும் லீவுதான். நீ எண்ணு அக்கா. அவுருக்கு மட்டும் சொல்லிடாத.”

எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. எழுத்தை நம்புகிறவள் இல்லை நான். ஸ்டூலுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கம்பி மாட்டினேன். அவர் சைக்கிளை எடுத்துத் தெற்குவீதிக்குள் நுழைகிற ஒவ்வொரு சாயங்காலமும் கம்பியில் ஒரு பழைய டோக்கனைக் கோப்பேன். ஞாயிற்றுக்கிழமை போய் எத்தனை என்று சொல்வேன். அவள் அத்தனை தடவை கூடுதலாகப் பந்தை அமுக்குவாள். புரட்டாசி நடுவில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் மடங்க ஆரம்பித்தன. சாமி இல்லாதவர் ஒருவர், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தனக்கே தெரியாமல் நேர்த்திக்கடன் செலுத்திக்கொண்டிருந்தார். நானும் அவளும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

என் வாய் சும்மா இருந்திருந்தால் நாற்பத்தெட்டும் நல்லபடியாக முடிந்திருக்கும்.

ஆயுத பூசை அன்று ஸ்டாண்டு காலியாகத்தான் கிடக்கும். அதனால் நான் முதல் நாளே, நிற்கிற அத்தனை சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிடுவது வழக்கம். முப்பது வருஷ வழக்கம். அவர் வண்டிக்கும் வைப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டுப் போவார். அந்த வருஷம் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். இவர் கைக்குட்டையால் பொட்டைத் துடைத்துக்கொண்டே, “முப்பது வருஷமா இந்தப் பொட்டு வைக்கிறீங்களே, எந்த சைக்கிளாவது பஞ்சர் ஆவாம இருந்துச்சாம்மா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் ஸ்டாண்டில், என் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுரீர் என்றது.

“பொட்டத் துடைச்சிட்டீங்க ஐயா. சுத்துனதத் துடைப்பீங்களா? தெனம் ஒரு தபா கோயில வலம் வரீங்களே, அது எந்தச் சட்டத்துல வருது?”

சிரிப்பு அவர் பக்கம் திரும்பிவிட்டது. அவர் கைக்குட்டையை மடித்தார். முனையைப் பார்த்தார். விரலை மடக்கி நாலு வீதியையும் ஒருமுறை எண்ணியதை நான் கண்ணால் பார்த்தேன்.  அன்றைக்கும் தெற்குவீதி வழியாகத்தான் போனார். முப்பத்தொன்றாவது டோக்கனைக் கோத்தேன். 

பூசை விடுமுறை முடிந்து வந்த நாள். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்து வண்டியை எடுத்தார், ஏறவில்லை. முனைவரை தள்ளிக்கொண்டு போய், கீழவீதியில் எதிர்த்திசையில் நடந்தார். போலீஸ்காரர் ஓடி வந்தார்.

“ஐயா, நீங்களே இப்படிப் பண்ணா? ஒன்வேயாச்சே.”

“ஒன்வே வண்டிக்கு. நான் நடக்குறன்.”

“கூட சைக்கிள் வருதே?”

“கையில கோணி வச்சிருந்தா கேப்பீங்களா? ஏறி உக்காந்தா வண்டி. எறங்கித் தள்ளுனா கையில இருக்குற சாமான். தள்ளிக்கினு போறவனுக்கு ஒன்வே உண்டுன்னு சட்டத்துல எங்க இருக்கு?”

“என்னை ஏன் ஐயா கொல்றீங்க? நீங்க சுத்திக்கினே போனா என்னா கொறஞ்சா போவும்?”

“அதுதான் பிரச்சினை” என்றார் இவர்.

அவரைச் சுற்றி மோட்டார் பைக்குகள் எதிர்த்திசையில் சர் சர் என்று போய்க்கொண்டிருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை. சட்டப்படி நடந்துபோகிற ஒருவரை மட்டும் நிறுத்திச் சட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிளைத் தள்ளினால் பெல் அடிக்கிற வேலை இல்லை. பின்சக்கரம் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு நான் போனபோது கட்டிலுக்கு அடியில் மஞ்சள் பந்து கிடந்தது. எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் மடக்கவில்லை.

“டிக் டிக்னு வருது அக்கா. தெக்கேருந்து.”

நான் நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

“நாப்பது வருஷமா அவுரு வாய என்னால மூட முடியல. நீ ஒரே பேச்சுல மூடிட்ட. ஆனா காலயும் சேத்து மூடிட்டியே அக்கா” என்று சிரித்தாள். சிரிப்பு வாயின் ஒரு பக்கம்தான் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறும் பந்து கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. மடங்கிக்கொண்டிருந்த இரண்டு விரலும் மறுபடி விறைத்துக் கிடந்தன. டாக்டர் வந்து கோபித்துவிட்டுப் போனாராம். “நாப்பத்தெட்டு ஆவல, வராது அக்கா” என்றாள். நாலு வீதியில் மூன்று என்னால் போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மனு கொடுக்கிற நாள். என் முதியோர் பென்ஷன் விஷயமாக ஒரு மனு கொடுக்க வேண்டியிருந்தது. அதை நாலு மாசமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டைத் தங்கை மகளிடம் விட்டுவிட்டு அவரோடு அதே பஸ்ஸில் கடலூர் போனேன். மஞ்சக்குப்பத்தில் அவர் மரத்தடியில் உட்கார்ந்தோம். என் மனுவை எழுதி முடித்தார். கையெழுத்துப் போட்டேன். பலகையில் இன்னொரு மனு இருந்தது.

“அது யாருது?”

“என்னுது.” படித்துக் காட்டினார். ‘மிதிவண்டியில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டு செல்லும் நபர் வாகனமா, நபரா என்பதை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்’ என்று இருந்தது. ‘பணிந்து’ இல்லை.

“இதுக்குப் பதில் வருமா ஐயா?”

“வரும். உரிய அலுவலருக்கு அனுப்பியாச்சுன்னு வரும். அவுரு இன்னொரு உரிய அலுவலருக்கு அனுப்புவாரு.”

“அது வரைக்கும் தள்ளிக்கினேதான் போவீங்களா?”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குதும்மா.”

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. கேட்கவும் இல்லை. இருந்ததை அப்படியே சொன்னேன்.

“உங்க வூட்டம்மா அந்த பெல்லு சத்தத்தக் கேட்டுத்தான் பந்த அமுக்குனா. உங்களுக்கு அது கோயிலு. அவளுக்கு அது கை. முப்பத்தொண்ணு ஆச்சு. இன்னும் பதினேழு. உங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ சொன்னா. ஒரு தபா கோவத்துல சொல்லிக் கெடுத்தன். இப்ப தெரிஞ்சே சொல்றன்.”

பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.

“விரல் மடங்குச்சா?”

“ரெண்டு விரல். இப்ப இல்ல.”

“என் கிட்ட சொல்லலையே அவ.”

“சொல்லியிருந்தா சட்டத்துல எங்க இருக்குதுன்னு கேட்டிருப்பீங்க.”

 தன் மனுவை மட்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குள் போனார். கொடுத்தாரா, கிழித்தாரா என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் முனையில் நடந்ததை என் ஸ்டூலிலிருந்தே பார்த்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் போலீஸ்காரர் முன்னால் நின்றார்.

“தள்ளிக்கினு போவக் கூடாதுன்னு சொல்லுங்க.”

“யாரு, நானா?”

“ஆமா. தடுங்க. முடிஞ்சா எழுதிக் குடுங்க.”

“ஐயா, நீங்க அன்னிக்குச் சொன்னத எங்க எஸ்.ஐ. கிட்ட கேட்டன். நீங்க சொன்னதுதான் சரியாம். தள்ளிக்கினு போனா தப்பே இல்லியாம். உங்கள இனிமே யாரும் கேக்க மாட்டோம். ராஜாவாட்டம் போங்க.”

வாதாடி ஜெயித்தவருடைய முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.  பிறகு டிக் டிக் என்று கீழவீதியில் தள்ளிக்கொண்டு போனார். நாலு அடி போய் நின்றார். மறுபடி போனார்.

மறுநாள் வண்டியை எடுக்கும்போது நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்.

“முட்டி வலிம்மா. தள்ள முடியல. ஏறித்தான் போவணும்.”

“சரி ஐயா.”

“ஏறுனா அது வண்டி. வண்டிக்கு ஒன்வே உண்டு.”

“உண்டுதான ஐயா.”

“வேற வழியில்ல பாருங்க.”

“எங்க இருக்குது வழி?”

முட்டி வலிக்கிறவர் ஒரு வீதி நடைக்கு பதிலாக மூன்று வீதி பெடல் மிதிக்கிறார். இதை எந்த டாக்டர் கேட்டாலும் சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டாவது டோக்கனைக் கோத்தேன். அடுத்த ஞாயிறு பந்து அவள் கையில் இருந்தது. பெல்லைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த வீட்டில் அவரும் பேசவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்த விஷயத்தை மூன்று பேரும் மறைத்துக்கொண்டிருந்தோம்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கறுப்புச் சட்டைக்கு மேல் கறுப்பு ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பிரேக்கைப் பிடித்து, மறு கையை மழையில் நீட்டிக்கொண்டு திரும்புவார். தெருவில் அதைப் பார்க்க ஒரு நாய்கூட இருக்காது. நாற்பத்தைந்தாவது டோக்கனைக் கோத்த மறுநாள் காலையில் ஒரு லாரி வந்தது. மழைத் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டப் போகிறார்களாம். போர்டையும் டிரம்மையும் வாரிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவழி இல்லை. அன்று பகலெல்லாம் நாலு வீதியிலும் வண்டிகள் இரண்டு பக்கமும் போய் வந்தன. முன்பும் அப்படித்தான் போய் வந்தன. இப்போது தப்பில்லாமல் போயின.

இன்னும் மூன்று. சாயங்காலம் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். டோக்கனை நீட்டினார். வண்டியைத் திருப்பி வைத்து முனையைப் பார்த்தார். போர்டு இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. போலீஸ்காரரும் இல்லை. என் வாயில் வெற்றிலை இருந்தது. நல்லவேளை, இருந்தது. அதை மென்றுகொண்டே தரையைப் பார்த்தேன்.

வெகுநேரம் நின்றார்.

“போர்டத்தான எடுத்தாங்க. உத்தரவ எடுத்தாங்களா?” என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

நான் மென்றேன்.

“போட்டப்ப எழுத்துல போட்டாங்க. எடுத்தாலும் எழுத்துலதான் எடுக்கணும். அது வர்ற வரைக்கும் பழைய சட்டம்தான்.”

எதிரே வருகிற வண்டிகளுக்கு நடுவே, தெற்குவீதிக்குள் நேராகப் போனார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள், “என்னா ஐயா இன்னும் சுத்துறீங்க? ஒன்வேதான் எடுத்துட்டாங்களே” என்று பைக்கில் போன ஒருவன் கத்தினான். “உத்தரவு வரலப்பா” என்று திரும்பிக் கத்தினார். நாற்பத்தெட்டாவது டோக்கனைக் கோத்தேன். கம்பி நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் வழக்கம்போல வந்தார். டோக்கனைக் கொடுத்தார். வண்டியில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டேன்.

“இன்னிக்கு எந்த வழி ஐயா?”

“கீழவீதிதான். கிட்டம்.”

“அப்ப, உத்தரவு வந்துடுச்சா?”

என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற கம்பியைப் பார்த்தார். இத்தனை நாளும் அதை அவர் பார்த்ததாகவே நான் நினைக்கவில்லை. கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார்.

“வந்துடுச்சும்மா” என்றார்.

முனைக்குப் பத்தடி முன்பே வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினார். திரும்பி முடிக்கும்வரை மடக்கவில்லை.